கை எடுக்காமல் ஒரு கோலம்

ஓட்டப்பிடாரத்தை அடுத்த புதியம்புத்தூருக்கு ஒரு மார்கழி மாதம் போயிருந்தேன். சுற்றிலும் கரிசல் காடு. ஊருக்குள்ளே தையல் மெஷின்களின் கடகடச் சத்தம். ஆயத்த ஆடை தைப்பதற்குப் பேர் போன ஊர் அது. விடிந்தும் விடியாத வேளையில், நான் தங்கியிருந்த வீட்டு ஆச்சி வாசல் தெளித்து, புள்ளி வைத்து, சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். இழை எங்கெங்கோ வளைந்து ஓடிற்று, ஓரிடத்திலும் அறவில்லை.

"எந்த இடத்தில் ஆரம்பிக்க வேண்டும், ஆச்சி?" என்று கேட்டேன்.

"எங்கே ஆரம்பிச்சா என்ன தாயி? சுத்தி அங்கேதானே வந்து நிக்கணும்!"

ஆச்சி போகிற போக்கில் சொன்ன இந்தச் சங்கதிக்குக் கணக்குப்படி முழு நிரூபணம் கண்டவர் ஒரு ஜெர்மானிய வாலிபர். கார்ல் ஹியர்ஹோல்ஸர் என்று பெயர். நாலு தரம் சொல்லிப் பார்த்தால் வாயில் நுழைந்துவிடும்!

கதை அவருக்கு முன்பே ஆரம்பிக்கிறது. கோனிக்ஸ்பர்க் என்ற நகரில் ஏழு பாலங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தரம் கடந்து ஊரைச் சுற்ற முடியுமா? முடியாது என்று 1735-ல் காட்டினார் மேதை ஆய்லர். ஓர் இடத்துக்குள் நுழைய ஒரு வழி என்றால், வெளியேற இன்னொரு வழி வேண்டும் அல்லவா? ஆகவே வழிகள் ஜோடி ஜோடியாக இருக்க வேண்டும். ஜோடி சேராத ஒற்றைப்படை இடங்கள் இரண்டுக்கு மேல் இருந்தால் நடக்காது. குழந்தைகள் சிலேட்டில் ஒரு சதுரம் போட்டு, குறுக்கே இரண்டு கோடு இழுத்து, மேலே கூரையும் வைத்து, "கை எடுக்காமல் போடு, பார்க்கலாம்!" என்பார்களே, அந்த வீட்டைக் கீழ் மூலை ஒன்றில் ஆரம்பித்தால்தான் போட முடியும். அந்த இரண்டு மூலைகளில் மட்டும் மூன்று மூன்று கோடுகள் சேருகின்றன.

சரி, ஒற்றைப்படை இடமே இல்லாவிட்டால்? நிச்சயம் முடியும் என்றார் ஆய்லர். ஆனால் அதற்கு முழு நிரூபணம் தரவில்லை. அந்தப் பாதி வேலை நூற்றுமுப்பது வருஷத்துக்கு மேல் காத்துக் கிடந்தது.

ஹியர்ஹோல்ஸர் காட்டிய வழி நம் வீட்டுப் பெண்களுக்கு எளிதில் புரியும். சிக்குக் கோலத்தில் இழைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் எல்லாம் நாலு கிளைகள், ஒற்றைப்படையே கிடையாது. ஆகவே எங்கே புறப்பட்டாலும் நடுவில் சிக்கிக்கொள்ள மாட்டோம். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவோம். ஆனால் சில கோலங்கள் இரண்டு, மூன்று தனி இழைகளாக முடிந்துவிடும். "அடடா, ஒரே இழையில் வரவில்லையே!" என்று வருந்துகிறீர்களா? இரண்டு இழைகளும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு முதல் இழையில் வந்ததும் நேரே போகாமல் திரும்பி, இரண்டாவது இழையை முழுக்கச் சுற்றிவிட்டு, அதே இடத்துக்கு வந்து பழைய வழியைத் தொடருங்கள். கை எடுக்காமலே கோலம் முடிந்துவிடும்! காகிதத்தில் பென்சிலால் போட்டுப் பாருங்கள்.

கோலத்தில் கணிதத்தைத் தேடியவர்கள் நம் ஊரிலும் உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி ராணி சிரோமணி, இவர்களுடன் கமலா கிருத்திவாசன், மூவரும் 1974-ல் கோலத்துக்கு இலக்கணம் எழுதி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள்.

ஹியர்ஹோல்ஸருக்கோ எழுத நேரம் கிடைக்கவில்லை. 1840-ல் பிரைபர்க்கில் பிறந்தவர். 1865-ல் ஹைடல்பர்க்கில் டாக்டர் பட்டம் பெற்றார். தம் கண்டுபிடிப்பைக் கணித நண்பர்கள் சிலருக்கு வாயால் விளக்கினார். 1871 செப்டம்பர் 13-ந் தேதி கார்ல்ஸ்ரூஹேயில் காலமானார். முப்பத்தோராவது பிறந்த நாளுக்கு மூன்று வாரம்கூட இல்லை.

எழுதிவைத்த குறிப்பு ஒன்றும் கிடையாது. கேட்டவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் வீனர், லூரோத் என்ற நண்பரின் உதவியோடு, ஞாபகத்திலிருந்தே எல்லாவற்றையும் எழுதினார். 1873-ல் பிரசுரமாயிற்று. மொத்தம் மூன்றே பக்கம்! கட்டுரைக்கு மேலே இருந்த பெயர் ஹியர்ஹோல்ஸருடையதுதான். நான் இதைப் படித்தபோது முகம் தெரியாத அந்த வீனரை நினைத்துக் கண் கலங்கியது நிஜம்.

ஆச்சியிடம் அன்று, "கோல நோட்டு வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"நோட்டா? எல்லாம் கையிலேதான் இருக்கு தாயி" என்று சிரித்தார்.

நான் கடைக்குப் போய் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.