வீட்டில் என்ன இருக்கிறது?

இதைப் படிக்கிற சகோதரிகளில் யாராவது ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தபடி மனக்கணக்குப் போட்டிருக்கிறீர்களா? நான் போட்டிருக்கிறேன். 2020-ஆம் வருஷத்தில் பாதி நாள் அதுதான் என் வேலை.

எங்கள் வீடு செங்கல்பட்டில். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் என் கணவருக்குச் சிப்பி, சங்கு சாமான் கடை. தினமும் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போய் வருவார். 2019 அக்டோபரில் நம் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள் அல்லவா? அதன் பிறகு வந்த கூட்டம் சொல்லி மாளாது. "இந்த சீசனை விட்டா வராது" என்று மூன்று வட்டிக்கு 60,000 ரூபாய் வாங்கிச் சரக்குப் போட்டார். அதுவும் போதாமல் பிப்ரவரியில் தண்டல் வேறு. தண்டல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கணக்கில் 50,000 என்று எழுதிக்கொண்டு கையில் 42,500-தான் தருவார்கள். தினம் 500 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 38 நாள் கட்டினோம். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கடற்கரைக் கோயிலையும் பூட்டினார்கள், எங்கள் கடையையும் பூட்டினோம்.

ஜூனில் தண்டல்காரர் மறுபடியும் வாசலுக்கு வர ஆரம்பித்தார். சத்தம் போட மாட்டார். வண்டியை நிறுத்திவிட்டு அதன்மேலேயே சும்மா உட்கார்ந்திருப்பார். அக்கம்பக்கத்தில் கேட்டால், "அவரோட சிநேகிதர்" என்பேன். பொய் சொல்லிச் சொல்லி நாக்கே கசந்தது. நெஞ்சு படபடப்பு, வயிற்றில் எரிச்சல். டாக்டர் பார்த்துவிட்டு ரத்தக் கொதிப்பு 150-க்கு 100 என்றார். "என்னம்மா கவலை உனக்கு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லை டாக்டர்" என்றேன்.

ஜெபம் பண்ணவில்லையா என்று கேட்பீர்கள். பண்ணினேன். எப்படித் தெரியுமா? லாட்டரிச் சீட்டு வாங்குகிறவள் மாதிரி! டிவியில் ஒருவர், காணிக்கை அனுப்பினால் பத்து மடங்காகத் திரும்பி வரும் என்றார். அவருக்கு 2,000 ரூபாய் அனுப்பினேன், அவருக்குக்கூடத் தெரியாமல் (என் கணவரைச் சொல்கிறேன்). மளிகைக் கடைப் பாக்கிக்குப் போயிருக்க வேண்டிய பணம் அது. ஆண்டவரிடமே வட்டிக்கு விடப் பார்த்திருக்கிறேன் என்று இப்போது வெட்கமாக இருக்கிறது. கவலைப்பட வேண்டாம் என்று இயேசு மலைமேல் சொன்ன பகுதியை எடுத்தாலும் எனக்கு ஆறுதலாக இல்லை. கவலை இல்லாதவர்கள் கவலைப்படுகிறவளைப் பார்த்துச் சொல்கிற அதட்டலாகத்தான் காதில் விழுந்தது.

செப்டம்பரில் கோவில்களைத் திறந்த பிறகு எங்கள் தெரு அன்பியக் கூட்டம் எதிர்வீட்டு அத்தை திண்ணையில் நடந்தது. ஆறேழு பேர்தான், தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம். அன்றைக்கு வாசித்தது அரசர்கள் இரண்டாம் நூல், நாலாம் அதிகாரம். புருஷன் செத்துப்போன ஒருத்தி. கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகப் பிடித்துக்கொண்டு போக வருகிறான். அவள் எலிசா தீர்க்கதரிசியிடம் ஓடுகிறாள். அவர் பணம் தரவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். கொஞ்சம் எண்ணெய் இருக்கிறது என்கிறாள். அக்கம்பக்கத்தில் காலிப் பாத்திரங்களை இரவல் வாங்கி வரச் சொல்கிறார். அந்த எண்ணெய் எல்லாப் பாத்திரமும் நிறைகிற வரை வந்துகொண்டே இருக்கிறது. அதை விற்று முதலில் கடனை அடை, மிச்சத்தில் பிழைத்துக்கொள் என்கிறார்.

சின்ன வயசிலிருந்து கேட்ட கதைதான். அத்தை மட்டும் திடீரென்று, "ஏம்மா, அவ வீடு வீடாப் போயி காலிப் பாத்திரம் கேட்டாளே, அப்பவே தெரு முழுக்க விஷயம் தெரிஞ்சிருக்கும்ல?" என்றார்.

அவ்வளவுதான், நான் உடைந்து போனேன். முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தும் முடியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் தண்டல்காரர் சிநேகிதர் இல்லை என்று சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. "எனக்கு அப்பவே தெரியும்மா" என்றார் அத்தை.

அன்று ராத்திரி மாதா படத்துக்கு முன்னால் மகளின் ரஃப் நோட்டை விரித்துக்கொண்டு அவரும் நானும் உட்கார்ந்தோம். தண்டல் பாக்கி 31,000. மூன்று வட்டிக் கடன் 60,000. மாமியாரின் அட்டிகை அடகில் 45,000. பள்ளிக்கூடக் கட்டணம் 12,000. மளிகை 6,400. கூட்டினால் 1,54,400. என் மனசுக்குள் அது நாலு லட்சமாக வளர்ந்திருந்தது! சின்னத் தொகை இல்லைதான். ஆனால் எண்ணாக எழுதிப் பார்த்த பிறகு அதற்கு ஒரு முடிவு தெரிந்தது. பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் விடியும்வரை தூங்கினேன். ஒரு பைசாக்கூட அடையவில்லை, ஆனாலும் தூங்கினேன்.

வீட்டில் என்ன இருந்தது? ஒரு பவுன் சங்கிலி. மூன்று பவுனில் இரண்டு வளையல். மாமியார் காலத்துத் தையல் மிஷின். வளையல் மகளின் கல்யாணத்துக்கென்று பீரோவில் பூட்டி வைத்தது. "அதைத் தொடாதே" என்றார் அவர். பதினாலு வயசு மகள் சொன்னாள்: "என் கல்யாணத்துக்கு வளையல் இருந்து அம்மா இல்லேன்னா என்னப்பா பண்றது?"

சங்கிலியை விற்றதில் 37,400 கிடைத்தது. தண்டலும் மளிகையும் அன்றே தீர்ந்தன. வளையலைக் கூட்டுறவு வங்கியில் வைத்து மூன்று வட்டிக் கடனை அடைத்தோம். மூன்று வட்டி என்றால் வருஷத்துக்கு 36 சதம், சகோதரிகளே! மாதம் 1,800 போன இடத்தில் இப்போது 600-க்குள். கல்யாண நகை என்று பார்த்துப் பார்த்தே பல மாத வட்டியை அழுதிருக்கிறோம்.

வங்கி வரிசையில் நின்றபோது ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்ன விஷயத்தை உங்களுக்கும் சொல்ல ஆசை. ஜெர்மனியில் ரைஃபைசன் என்று ஒருவர். கிராமப் பகுதி ஒன்றுக்குத் தலைவராக இருந்தவர், பக்தியுள்ள கிறிஸ்தவர். 1846-47 பஞ்சத்தில், இருக்கிறவர்களிடம் பணம் சேர்த்து, இல்லாதவர்களுக்கு ரொட்டி கடனாகக் கிடைக்க வழி செய்தார். 1864-ல் கடன் சங்கம் தொடங்கினார். ஒருவர் வாங்குகிற கடனுக்கு அங்கத்தினர் எல்லாரும் பொறுப்பு. பிறனிடம் அன்பு காட்டுவதை அவர் கணக்குப் புத்தகத்திலேயே எழுதிவிட்டார்! அந்த மாதிரிச் சங்கங்களைப் படித்து வர 1892-ல் சென்னை அரசாங்கம் ஃபிரடெரிக் நிக்கல்சனை நியமித்தது. ரைஃபைசனைப் போல ஒருவரைக் கண்டுபிடியுங்கள் என்பதுதான் அவருடைய பெரிய அறிக்கையின் சாரம். 1904-ல் சட்டம் வந்தது. அதே வருஷம் திருவள்ளூர்ப் பக்கம் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் ஆரம்பித்தார்கள். அன்றைக்கு அது எங்கள் பழைய செங்கல்பட்டு ஜில்லா! மாகாணத்தின் மீன்வளத் துறையைத் தொடங்கியவரும் இந்த நிக்கல்சன்தான். மீனவர் குடும்பத்தில் பிறந்தவளுக்கு இதைக் கேட்கச் சந்தோஷமாக இருக்காதா?

எனக்குப் பிறந்த வீடு கோவளம். 1808-ல் கட்டிய கார்மேல் மாதா கோவில் இருக்கிற ஊர். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள், கடல் உள்ளே வந்து அப்பாவின் வலையையும் படகையும் கொண்டுபோயிற்று. நிவாரண அரிசி வந்த அன்று அம்மா உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போட்டார். பிடியரிசி, ஏழைகளுக்கு. "நாமே ஏழைதானேம்மா?" என்று கோபப்பட்டேன். "இன்னிக்கு உலை வெச்சிட்டோம்ல?" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். இப்போது அண்ணி மீனவ மகளிர் சேமிப்புத் திட்டத்தில் 1,500 ரூபாய் கட்டுகிறாள். அரசாங்கம் 3,000 சேர்த்து, மீன் கிடைக்காத மாதங்களில் 4,500-ஆகத் தருகிறது. அதுவும் எனக்குப் பிடியரிசி மாதிரிதான் தெரிகிறது.

தையல் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். முதலில் முகக்கவசம், அப்புறம் ஜாக்கெட், யூனிஃபார்ம். அன்பியத்துக்காரர்கள்தான் முதல் வாடிக்கை. வெட்கப்பட்டுக்கொண்டே வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பள்ளிக்கூடக் கட்டணத்தைத் தவணையில் கட்டினோம். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது கடையில் மறுபடி ஆள் நடமாட்டம் வந்தது. அந்த வருஷக் கடைசியில் வளையல் வீட்டுக்குத் திரும்பியது. அட்டிகையை மீட்க இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. நடுவில் கவலையே வரவில்லை என்று சொன்னால் பொய். மூன்று மணிக்கு விழிப்பு இப்போதும் வரும். வந்தால் எழுந்து நோட்டை எடுத்து, அந்த மாதத்துக் கணக்கை எழுதி மாதா படத்தடியில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். அன்றைய உணவைத்தானே கேட்கச் சொல்லிக் கொடுத்தார்?

போன மாதம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி ஜாக்கெட் துணி கொடுக்க வந்தாள். கொடுத்த பிறகும் போகாமல் வாசற்படியிலேயே நின்றாள். மூக்கைப் பார்த்தேன், மூக்குத்தி இல்லை. "உள்ளே வாம்மா" என்று கூப்பிட்டு, காப்பி கொடுத்துவிட்டு, நோட்டில் புதுப் பக்கம் திருப்பிப் பேனாவை அவள் கையில் கொடுத்தேன்.