ஆட்டுக்கல்லும் கிரைண்டரும்

சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த ஊர் குடிபாலா. இப்பகுதியின் பழைய வீடுகளுக்குச் சென்றால் கொல்லைப்புறத்தைப் பாருங்கள். பயன்பாடின்றிக் கிடக்கும் ஆட்டுக்கல் ஒன்று கண்ணில் படலாம். தெலுங்கில் அதனை ‘ருப்பு ரோலு’ என்பர்.

முன்பெல்லாம் இட்லி மாவு அரைப்பது நெடுநேர வேலை. ஒரு கை குழவியைச் சுற்றும்; மறு கை மாவைத் தள்ளிவிடும். வசதியுள்ள வீடுகளில் இவ்வேலைக்கெனப் பெண் ஒருவர் கூலிக்கு வருவார். தம் வீட்டிற்கான மாவை அவர் எப்பொழுது அரைத்தாரோ!

1955ஆம் ஆண்டில் கோயம்புத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி, மின்சாரத்தால் இயங்கும் மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அதுவே கிரைண்டர். ஆட்டுக்கல்லில் கல் அசையாதிருக்கும், குழவி சுழலும். கிரைண்டரிலோ மின்மோட்டார் பாத்திரத்தைச் சுழற்றுகிறது. குழவி தன் இடத்திலேயே நின்று அரைக்கிறது. கை செய்த வேலையை இயந்திரத்திற்கு ஏற்றவாறு தலைகீழாக மாற்றியதே இதன் நுட்பம். மிக்சியின் கத்திகள் விரைந்து சுழல்வதால் மாவு சூடேறும். கல் மெதுவாக அரைப்பதால் அவ்வளவு சூடேறாது. மாவும் நன்கு பொங்கும். கோயம்புத்தூர் கிரைண்டர் பின்னர் புவிசார் குறியீடும் பெற்றது.

தாய்மார்களின் தோள்வலி குறைந்தது. கூலிக்கு அரைத்த பெண்களோ வேறு வேலை தேடினர். தேய்ந்த கல்லை உளியால் கொத்தித் தரத் தெருத்தெருவாக வந்தவர்களின் குரலும் அரிதாயிற்று.

இன்று பலர் கிரைண்டரைக்கூடக் கழுவ விரும்பாமல் கடையில் மாவு வாங்குகின்றனர். அக்கடையின் பின்புறத்தில், பெரிய கிரைண்டரின் அருகே ஊறிய அரிசியை அள்ளிப் போட்டபடி ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார்.