நாய்க்குட்டி ஏன் கண்டதையும் தின்கிறது?

ஆசையாகத் தூக்கிவந்த நாய்க்குட்டி தன் மலத்தைத் தானே தின்பதைப் பார்த்தால் யாருக்கும் குமட்டும். அதே வாயோடு முகத்தை நக்க வந்தால் அடிக்கக் கை ஓங்கும். அடிக்காதீர்கள். குட்டி பிறந்த முதல் சில வாரங்களில் தாய் நாயே அதன் மலத்தை நக்கித் தின்றுதான் படுத்த இடத்தைச் சுத்தமாக வைத்திருக்கும். நமக்கு அருவருப்பாக இருப்பது நாய் இனத்துக்கு அந்நியமான காரியம் அல்ல.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை அறிஞரின் குழு, நாய் வளர்ப்போரிடம் இதைப் பற்றி விரிவாகக் கேட்டு 2018-இல் ஆய்வு ஒன்றை வெளியிட்டது. அதில் சுமார் 16 சதவீத நாய்கள் அடிக்கடி மலம் தின்பவை. பெரும்பாலானவை தேடித் தின்றது இரண்டு நாளுக்குள் போட்ட புது மலத்தைத்தான். இதை நிறுத்துவதாகச் சொல்லி விற்கும் மாத்திரைகளும் பொடிகளும் 100-இல் 2 நாய்களுக்கு மேல் பலிக்கவில்லை. அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள்.

பலிப்பது ஒன்றுதான்: குட்டியை முந்திக்கொள்வது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி ஓய்ந்ததும் வெளியே கூட்டிப்போய்ப் பக்கத்திலேயே நில்லுங்கள். வேலை முடிந்த நொடியில் பெயர் சொல்லி அழைத்து, ஒரு துண்டு கோழிக்கறியைக் கொடுத்துவிட்டு, மலத்தை அள்ளிவிடுங்கள். தின்றபின் திட்டினால், நீங்கள் வருவதற்குள் விழுங்கிவிட வேண்டும் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும்.

தன் மலத்தைவிடத் தெருவில் கிடக்கும் பிற நாய்களின் மலம்தான் உண்மையான ஆபத்து. குடற்புழுவும் பார்வோ வைரஸும் அந்த வழியாகத் தொற்றும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தடுப்பூசி போட வேண்டும். அதுவரை தெருவோரம் மோப்பம் பிடிக்க விடாதீர்கள். பூச்சி மருந்தையும் தவறவிடக் கூடாது. வயிறு உப்பி, உடம்பு மெலிந்து, மண்ணையும் சுவரையும் நக்கிக்கொண்டே இருக்கும் குட்டிக்குக் குடற்புழுவோ ரத்தசோகையோ இருக்கலாம்.

செருப்பைக் கடிப்பது வேறு கதை. மூன்று, நான்கு மாதத்தில் 28 பால்பற்கள் விழத் தொடங்கி 42 நிலைப்பற்கள் முளைக்கும். ஈறு தினவெடுக்கும். கடிக்க ரப்பர் பொம்மையோ குளிர்ந்த கேரட்டோ கொடுங்கள். வாயில் எதையாவது கவ்விக்கொண்டால் துரத்திப் பிடுங்காமல், அதைவிட ருசியான ஒன்றை நீட்டி ‘விடு’ என்று பழக்குங்கள்.

நம் வீடுகளில் குட்டிக்குப் பால்சோறும் தயிர்சோறும் போட்டே வளர்க்கிறோம். அன்பில் குறையில்லை, சத்தில்தான் குறை. வளரும் உடம்புக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நிறைய வேண்டும். சோற்றில் இரண்டும் போதாது. வெறும் கறி மட்டும் போட்டாலும் சுண்ணாம்புச் சத்து குறைந்து கால் எலும்பு வளையும். சில குட்டிகளுக்குப் பசும்பால் வயிற்றைக் கழியவைக்கும். குட்டிகளுக்கென்றே தயாரித்த உணவு கைக்கு எட்டுமானால் அது எளிய வழி. அதற்கு மேல் கால்சியம் மருந்து தேவையில்லை, பெரிய இனக் குட்டிக்கு அது கெடுதலும்கூட. வீட்டுச் சாப்பாடுதான் என்றால் வேகவைத்த கோழிக்கறி, முட்டை, கொஞ்சம் சோறு, காய் சேருங்கள். இதிலும் சுண்ணாம்புச் சத்து போதாது என்பதால் அதை எந்த அளவில் சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். நான்கு மாதம்வரை நாளுக்கு மூன்று நான்கு வேளை, ஆறு மாதத்துக்குப் பின் இரண்டு வேளை. உணவை மாற்றும்போது ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, பழையதோடு கலந்து மாற்றுங்கள்.

சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. குழம்பில் வெந்த வெங்காயமும் அப்படித்தான். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். மாங்கொட்டை குடலை அடைத்துக்கொள்ளும்.

இவற்றில் எதையாவது குட்டி விழுங்கிவிட்டால் உப்புத்தண்ணீர் புகட்டி வாந்தியெடுக்க வைக்காதீர்கள்; உப்பே அதன் உயிரைப் பறிக்கும். என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, விடியட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச்செல்லுங்கள்.