காலையில் வாந்தி, சாய்ந்த கழுத்து: வயிற்றுக் கோளாறு மட்டும்தானா?



போத்தனூர்ப் பகுதிக் குழுக் கூட்டம் ஒன்றில் ஒரு உறுப்பினர் உள்கடன் கேட்டார். "ஆறு வயசுப் பையனுங்க. ரெண்டு மாசமா காலைல எந்திரிச்சதும் வாந்தி. அப்புறம் நல்லா வெளையாடறான். பூச்சி மருந்து குடுத்தோம், மந்திரிச்சும் பார்த்தாச்சு. இப்ப கழுத்தை ஒரு பக்கமாவே சாய்ச்சுக்கறானுங்க. சுளுக்கு எடுத்தும் சரியாகல" என்றார். கழுத்து எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. தலைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்த பிறகுதான் சிறுமூளையில் கட்டி இருப்பது தெரிந்தது.

வாந்திக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மூளைக்குள் எப்போதும் ஒரு நீர் ஊறி, ஓடி, வடிகிறது. குழந்தைகளுக்குப் பல நேரம் பின்மண்டையில்தான் கட்டி வருகிறது. வாய்க்காலை மண் அடைத்தால் தண்ணீர் தேங்குமல்லவா? அதுபோல நீர் தேங்கி, தலைக்குள் அழுத்தம் கூடுகிறது. படுத்தே இருப்பதால் விடியற்காலையில் அழுத்தம் அதிகம். அதனால்தான் தலைவலியும் வாந்தியும்.

வேறு விதமாகவும் காட்டலாம்:

* நடையில் தள்ளாட்டம்
* புதிதாக வந்த மாறுகண், இரண்டாகத் தெரிதல்
* கைக்குழந்தையின் தலை வேகமாகப் பெருத்தல்
* நன்றாகச் சாப்பிட்டும் மெலிதல்
* அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர்
* வளர்ச்சி நின்றுபோதல், அல்லது மிகச் சிறுவயதிலேயே பருவ மாற்றம்
* வலிப்பு

பயந்துவிட வேண்டாம். இந்த நோய் அரிது. வாந்தி எடுக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு வேறு காரணம்தான். ஆனால் வாந்தி இரண்டு வாரம் தாண்டினாலோ, இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். "தலையையும் பாருங்க டாக்டர்" என்று நாமே கேட்கலாம். இங்கிலாந்தில் 2011-ல் 'ஹெட்ஸ்மார்ட்' என்ற பிரச்சாரம் இந்த அறிகுறிகளைப் பெற்றோருக்கும் டாக்டர்களுக்கும் சொல்லிக் கொடுத்தது. முன்பு கண்டுபிடிக்க 14 வாரம் ஆனது; பிறகு அது 7 வாரத்துக்கும் கீழே வந்தது.

சி.டி. ஸ்கேன் எக்ஸ்ரே கதிரால் எடுப்பது. சில நிமிடத்தில் முடியும். நீர் தேக்கத்தைச் சட்டென்று காட்டும். ஆனால் பின்மண்டை எலும்பு தடிமன் என்பதால் சிறு கட்டி மறைந்துவிடலாம். எம்.ஆர்.ஐ. காந்தத்தால் எடுப்பது; கதிர் இல்லை, படம் தெளிவு. அரை மணி நேரமாவது அசையாமல் படுக்க வேண்டும். அதனால் சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். வெள்ளி அரைஞாண், காப்பு, தாயத்து எல்லாம் கழற்றிவிட வேண்டும்.

செலவை நினைத்து நிற்காதீர்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரண்டு ஸ்கேனும் உண்டு. மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். அட்டை இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றுடன் கலெக்டர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே எடுத்து வையுங்கள்.

அந்தப் பையன் ஆபரேஷன் முடிந்து மறுபடி பள்ளிக்கூடம் போகிறான். "ரெண்டு மாசம் முந்தியே தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்குமுங்க" என்கிறார் அவன் அம்மா. அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.