போட்டோ எடுக்கலாமா, அம்மா?

ஒட்டன்சத்திரத்துல பஸ் ஏறி, வடகாடு தாண்டி, வளைவு வளைவா மேல ஏறினா பாச்சலூர். காப்பி, மிளகு, மலைவாழை. சில வருசத்துக்கு முன்னாடி இங்க ஒரு கூட்டம். சின்ன விவசாயிங்க, பளியர் பழங்குடிக் குடியிருப்புலருந்து வந்தவங்க, கீழருந்து போன என்னை மாதிரி ஆளுங்க. ஒரு அம்மா எழுந்து, மலைத்தேன் எடுக்கிறதப் பத்திப் பேசினாங்க. நான் கேமராவத் தூக்கினதும் முந்தானைய வாய்மேல வச்சு முகத்தத் திருப்பிக்கிட்டாங்க. வெட்கம்னு நினைச்சேன். இன்னும் ரெண்டு எடுத்தேன்.

சாயங்காலமே வாட்ஸ்அப் குரூப்ல போட்டாச்சு. அங்கிருந்து யாரோ எடுத்து நன்கொடை நோட்டீஸ்ல அச்சடிச்சுட்டாங்க. படத்துக்குக் கீழ "பசியில் வாடும் குடும்பம்". அவங்க பேசினது தேனப் பத்திங்க!

இந்த மலைக்காரங்களப் படம் பிடிக்கிறது புதுசு இல்ல. தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பத்தி எட்கர் தர்ஸ்டன் 1909-ல வெளியிட்ட ஏழு தொகுதியிலயே பளியர் பத்தி இருக்கு. ஆளுங்கள நிக்க வச்சு படம் பிடிச்சு, தலை, மூக்கெல்லாம் அளந்து எழுதின காலம் அது. 1960-கள்ல பீட்டர் கார்ட்னர்னு ஒரு மானிடவியலாளர் வந்தார். அவர் அளக்கல, கூட இருந்து கவனிச்சார். பளியர்கிட்ட அவர் முக்கியமா குறிச்சுக்கிட்ட சொல் 'தரக்குறைவு'. ஒருத்தர இன்னொருத்தர் கீழ இறக்குறது, அவர் இஷ்டத்துல தலையிடுறது, எல்லாம் அதுக்குள்ள வந்துரும். அப்படி நடந்தா சண்டைக்கு நிக்க மாட்டாங்க, விலகிப் போயிருவாங்க. இதப் படிச்சப்போதான் அந்த முந்தானை எனக்குப் புரிஞ்சுது. அது வெட்கமில்ல, பதில்.

இப்போ மென்பொருள் மாநாடு, விக்கிமீடியா கூடுகை மாதிரி இடங்கள்ல அடையாள அட்டைக் கயித்துக்கு நிறம் வைக்கிற பழக்கம் இருக்கு. சிவப்புன்னா எடுக்காதே, மஞ்சள்னா கேளு. நல்ல ஏற்பாடுதான். ஆனா முதுகுப்பக்கத்துலருந்து எடுத்தா கயிறு தெரியாது. குரூப் போட்டோவுல யார் நிறம் பார்க்கிறா? இன்னொண்ணு, படத்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல ஏத்திட்டா அந்த உரிமத்தத் திரும்ப வாங்க முடியாது. அதுவும் உரிமம் கொடுக்கிறது பொதுவா படம் எடுத்தவர். படத்துல இருக்கிறவர் இல்ல.

சட்டம்? 2017 ஆகஸ்ட் 24, உச்ச நீதிமன்றத்துல ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்னாங்க. 2023-ல தனிநபர் தரவுச் சட்டம் வந்துச்சு. சம்மதத்த யாரோட கட்டாயமும் இல்லாம, எதுக்குன்னு தெரிஞ்சு, வெளிப்படையா கொடுக்கணும். கொடுத்த மாதிரியே சுலபமா அதத் திரும்ப வாங்கிக்கலாம்ங்குது. விவரத்தத் தமிழ்லயே கேட்டு வாங்கலாம். ஆனா 2025 நவம்பர்ல வந்த விதிகள்படி முக்கியமான பகுதிகள் நடப்புக்கு வர 18 மாசம். வீட்டுக்கு எடுக்கிற படம் இதுக்குள்ள வராது. சங்கம், அறக்கட்டளை எடுக்கிறது வேற.

சட்டத்த விடுங்க. நம்ம ஊர்ல எப்படிக் கேக்குறோம்? மைக்கப் பிடிச்சு, "யாருக்காவது ஆட்சேபம் இருந்தா கை தூக்குங்க." மதியச் சாப்பாடு போடுறவரே கேட்டா யார் தூக்குவாங்க? என்னைக் கேட்டா, அது கேள்வியே இல்ல. தனியா, பக்கத்துல உக்காந்து கேக்கணும். "இது எங்க போகும்"னு சொல்லணும்: குரூப்பா, ஃபேஸ்புக்கா, நோட்டீஸா. எடுத்தத திரையில காட்டணும். சிரிச்சுக்கிட்டே தலையத் திருப்பினா கேமராவ இறக்கிடணும், காரணம் கேக்கக் கூடாது. குழந்தைங்கன்னா பெத்தவங்களையும் கேளுங்க, குழந்தையையும் கேளுங்க.

ஆறு மாசம் கழிச்சு அந்த அம்மாவ பாச்சலூர்ல பஸ்ஸுக்கு நிக்கும்போது பாத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவங்க முன்னாடியே போன்ல இருந்த மூணு படத்தையும் அழிச்சுக் காட்டினேன். போன வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.

"அந்தப் பேப்பர்ல இருக்கிறது?"ன்னாங்க.