கடன் விடுதலும் பொறுத்தலும்

நம் ஆண்டவர் சீடர்க்குக் கற்பித்தருளிய செபத்தை நாம் நாடோறும் ஓதுகின்றோம். அதன்கண் மத்தேயு சுவிசேஷகர் பாவத்தைப் பாவமென்னாது 'கடன்' என்றே குறித்தனர். பலர் இச்சொல்லை விரைந்து கடந்துவிடுகின்றனர். காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டில் வாழும் நமக்கு அஃது அங்ஙனம் கடத்தற்குரிய சொல்லன்று. என்னை? கடனைக் கணக்கிடும் கலையில் இந்நாட்டாரை விஞ்சினார் அரியர்.

நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளிற் கடை வைத்து வட்டித்தொழில் நடத்திய காலத்தில், ஒரு காசும் பிசகாது பேரேட்டிற் பற்றும் வரவும் எழுதினர். 1930ஆம் ஆண்டையொட்டி நெல்விலை வீழ்ந்தது. பர்மிய உழவர் அசலும் வட்டியும் செலுத்த இயலாராயினர். கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் விளையும் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு நிலம் அவ்வாண்டுகளிற் கடன் கொடுத்தார் கைப்பட்டது. பின்னர் 1942இல் போர் வந்தது. 1948இல் பர்மா விடுதலை பெற்று நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டமியற்றியது. ஈண்டு யார்பால் நீதி என்று தீர்ப்புரைப்பது என் கருத்தன்று. உழவன் தன் நிலம் பறிபோயிற்று என்றான். வணிகர் தம் பொருள் பறிபோயிற்று என்றார். இருவர் மனவேட்டிலும் மற்றவரே கடனாளி! கசப்பென்பது இவ்வாறு இருபுறமும் எழுதப்படும் கணக்கேயாம்.

இனி, மன்னித்தலுக்குக் கிரேக்க மூலத்தில் வழங்கும் சொல் 'விட்டுவிடுதல், போகவிடுதல்' என்னும் பொருளது. கடனைத் தள்ளுபடி செய்தற்கும் அதுவே சொல். தள்ளுபடி என்றவுடன் நட்டம் மறைந்துவிடும் என்று எண்ணுதல் பிழை. கொடுத்தவன் தலைமேல் அது விழும். இதனை நம் தமிழ் நன்கு உணர்ந்துளது. வள்ளுவர் 16ஆம் அதிகாரத்திற்குப் 'பொறையுடைமை' என்று பெயரிட்டனர். பொறுத்தலாவது மன்னித்தலும் ஆம், சுமத்தலும் ஆம். தீங்கின் சுமையைத் தீங்கிழைத்தவன்மேல் திருப்பி எறியாது தானே சுமப்பவன் எவனோ அவனே பொறுத்தவன். சிலுவையின் பொருளும் இதுவன்றோ?

எத்தனை முறை பொறுப்பது என்று பேதுரு வினவியபோது ஆண்டவர் ஓர் உவமை கூறினர். ஊழியனொருவன் அரசனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டான். அவனுக்கு அவன் உடனூழியன் நூறு வெள்ளிக்காசு பட்டிருந்தான். ஒரு தாலந்து 6,000 வெள்ளிக்காசு. ஒரு காசு கூலியாளின் ஒரு நாட் கூலி. ஆகவே முன்னது 6 கோடி நாட் கூலி, பின்னது 100 நாட் கூலி. நூறு நாட் கூலியைச் சிறுதொகை என்பார் உழைத்துண்டறியாதார். ஆண்டவரும் அதனைச் சிறிதென்று கூறிற்றிலர். நமக்குற்ற தீங்கு மெய்யே. அதனை இல்லையெனப் பாசாங்கு செய்யுமாறு அவர் பணிக்கவில்லை. ஆறு கோடி தள்ளப்பெற்றவன் கையில் ஏடு எதற்கு என்பதே வினா.

இம்மன்றாட்டு அன்றாட உணவுக்கான மன்றாட்டையடுத்து நிற்றலும் கருதத்தக்கது. இன்றைய உணவு நாளைக்கு ஆகாதவாறு போல, இன்று விட்ட கசப்பும் நாளை மீண்டும் முளைக்கும். மீண்டும் விடல் வேண்டும். ஒருமுறை மன்னித்தும் நெஞ்சம் ஆறவில்லையே என வருந்துவார்க்கு இதனினும் பெரிய ஆறுதலை யான் அறியேன்.

மன்னித்தால் நீதி கெடுமே என்பாரும் உளர். 1999ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 22ஆம் நாள் இரவு, ஒரிசாவிலுள்ள மனோகர்பூர் என்னும் சிற்றூரில், தொழுநோயாளர்க்குத் தொண்டாற்றிய கிரகாம் ஸ்டெயின்ஸ் என்பாரும், பிலிப்பு, திமோத்தேயு என்னும் அவர்தம் இளஞ்சிறார் இருவரும், ஊர்தியில் உறங்குங்கால் உயிரோடு எரிக்கப்பட்டனர். அவர் மனைவியார் கிளாடிஸ் அம்மையார் கொலைஞரைத் தாம் மன்னித்ததாக உலகறியக் கூறினர். அதனால் வழக்கு நின்றுவிடவில்லை. முதற் குற்றவாளிக்கு 2003இல் விதித்த தூக்குத் தண்டனையை 2005இல் உயர்நீதிமன்றம் ஆயுட்சிறையாக்கியது. 2011இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அரசு தன் கடமையைச் செய்தது. அம்மையார் தம் நெஞ்சின் ஏட்டினை மூடினர். கணவரும் மைந்தரும் மறைந்த பின்னும் அவர் ஊர் திரும்பாது, மகள் எஸ்தரோடு பாரிபடாவிலேயே தங்கி, 2004ஆம் ஆண்டுவரை அத்தொழுநோயாளரைப் பேணிவந்தனர்.