பின்பாரம் ஆகாது!

பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் நிறைய. அங்கே போய் நாலைந்து மாதம் பேரன் பேத்திகளோடு இருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நயாகராவைப் பற்றியும் கோயில் கும்பாபிஷேகத்தைப் பற்றியும் இந்தப் பத்திரிகையில் அழகாக எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது வேறு விஷயம். காருக்குப் பின்னால் வீட்டுவண்டியைப் பூட்டிக்கொண்டு ஊர் சுற்றும்போது, சைக்கிள்களை எங்கே வைப்பது என்பதுதான் அது. "இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று சிரிக்க வேண்டாம். குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் வண்டி நெடுஞ்சாலையில் நேராகப் போவதும் பாம்பாக நெளிவதும் சில சமயம் இந்த ஒரு கேள்விக்கு நாம் சொல்லும் பதிலைப் பொறுத்திருக்கிறது.

முதலில் வீட்டுவண்டி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அங்கே அதை டிராவல் டிரெய்லர் என்கிறார்கள். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளே உண்டு. எஞ்சின் மட்டும் கிடையாது. நடுவுக்குச் சற்றுப் பின்னால் அச்சும் சக்கரங்களும் இருக்கும். முன்னால் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தைப் போன்ற இரும்புச் சட்டம் நீண்டு, காரின் பின்புறமுள்ள குண்டின் மேல் உட்காரும். கார் இழுக்க, வீடு பின்னால் வரும். கோடை விடுமுறையில் அந்த ஊர்ச் சாலைகளில் இத்தகைய வண்டிகளை வரிசை வரிசையாகக் காணலாம். அவற்றில் பலவற்றின் முதுகில் சைக்கிள்கள் தொங்கும்.

கார் போகாத தீவு

2023ஆம் ஆண்டு கோடையில் டெட்ராய்ட் அருகே இருக்கும் என் மகன் வீட்டில் தங்கியிருந்தேன். மாக்கினா தீவுக்குப் போகலாம் என்று மகனும் மருமகளும் முடிவு செய்தார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் 'சி' என்ற எழுத்து வரும். ஆனால் உச்சரிப்பது 'மாக்கினா' என்றுதான். மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே, ஹ்யூரான் ஏரியில் இருக்கும் சின்னத் தீவு அது. குதிரைகள் மிரளுகின்றன என்று 1898இலேயே அங்கே மோட்டார் வாகனங்களுக்குத் தடை போட்டுவிட்டார்கள். இன்றும் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவை தவிர வேறு கார் கிடையாது. குதிரை வண்டி, சைக்கிள், அல்லது சொந்தக் கால். தீவைச் சுற்றி ஏரியோரமாக ஓடும் சாலை 8.2 மைல், அதாவது சுமார் 13 கிலோமீட்டர். மாநில நெடுஞ்சாலை என்று எண் கொடுத்திருக்கிறார்கள்; ஆனால் அதில் மோட்டார் வண்டி ஓடக்கூடாது! மின்சார சைக்கிளுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. எனவே சாதாரண சைக்கிள்களைக் கொண்டுபோவதென்று தீர்மானம். மகனுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று, எட்டு வயதுப் பேத்திக்குச் சின்னதாக ஒன்று.

டெட்ராய்டிலிருந்து தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள செயின்ட் இக்னஸ் ஊருக்கு ஏறத்தாழ 475 கிலோமீட்டர். அங்கேதான் முகாம். கடைசியில் மாக்கினா பாலத்தைக் கடக்க வேண்டும். 1957இல் திறக்கப்பட்ட அந்தத் தொங்கு பாலத்தின் நீளம் சுமார் 8 கிலோமீட்டர். இரண்டு ஏரிகள் சந்திக்கும் இடமாகையால் காற்றுக்குப் பஞ்சமில்லை. பலமாக வீசும் நாளில் வீட்டுவண்டி போன்ற உயரமான வாகனங்களை வேகம் குறைத்துத் துணை வாகனத்தோடு அனுப்புவார்கள். மிக மோசமானால் பாலத்தையே மூடிவிடுவார்கள். இப்படிப்பட்ட வழியில் போகும் வண்டி எவ்வளவு ஒழுங்காக நிற்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மகன் சொன்னான்: "அப்பா, பின் பம்பர்ல மாட்டற சைக்கிள் ஸ்டாண்ட் ஒண்ணு வாங்கப் போறேன். வேலை சுலபமா முடிஞ்சிடும்."

"வாங்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்" என்றேன். ரயில்வேயில் பெட்டிகளின் பராமரிப்புப் பிரிவில் காலம் கழித்தவனுக்கு, அச்சுக்கு வெளியே பாரம் தொங்குகிறது என்றாலே மனம் கணக்கில் இறங்கிவிடும்.

தாத்தாவின் வண்டிப் பாடம்

உண்மையில் இந்தக் கணக்கை எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது ரயில்வே அல்ல. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் தாத்தாவிடம் இரட்டை மாட்டு வண்டி இருந்தது. நெல் மூட்டை ஏற்றும்போது வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். மூட்டை அச்சுக்கு முன்னால் அதிகமாகிவிட்டால் முன்பாரம். மாட்டின் கழுத்து அழுந்தும். பின்னால் அதிகமானால் பின்பாரம். நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். மேடு ஏறும்போது வண்டியே மல்லாந்துவிடும். ஆகவே கொஞ்சம் முன்பாரமாக இருப்பதே சரி என்பது வண்டிக்காரர்களின் பாடம்.

அமெரிக்க வீட்டுவண்டிக்கும் அதே பாடம்தான். கார்தான் மாடு, குண்டுதான் நுகத்தடி. குண்டின் மேல் உட்காரும் பாரம் வீட்டுவண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அங்கே பொதுவாகச் சொல்லப்படும் விதி. 15க்கு மேல் போனால் காரின் பின்புறம் அமுங்கி, முன் சக்கரங்கள் லேசாகி, ஸ்டியரிங்கும் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. 10க்குக் கீழே போனால் ஆபத்து இன்னும் பெரிது. பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்து போகும் காற்றே போதும்; வீட்டுவண்டி இப்படியும் அப்படியும் வாலாட்டத் தொடங்கும். வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும். கடைசியில் வால் தலையை இழுத்துப் போட்டுவிடும்.

இனி கணக்கு. மகனுடைய வண்டியின் எடை சாமான்களோடு 2,500 கிலோ. குண்டின் மேல் பாரம் 275 கிலோ. அதாவது 11 சதவீதம், சரியான அளவு. அச்சிலிருந்து குண்டு 5 மீட்டர் முன்னால். பம்பரில் மாட்டும் சைக்கிள்கள் அச்சிலிருந்து 4 மீட்டர் பின்னால். பெரிய சைக்கிள் இரண்டும் 30 கிலோ, சின்னது 10 கிலோ, ஸ்டாண்டு 20 கிலோ. ஆக 60 கிலோ.

இது ஏற்றமரம் போல. 60ஐ 4ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் 48. பின்னால் 60 கிலோ தொங்கினால் முன்னால் குண்டின் மேல் 48 கிலோ குறையும். 275 போய் 227 ஆகிவிட்டது. மொத்த எடையோ 2,560. இப்போது 8.9 சதவீதம்தான். விதியின் கீழ்க்கோட்டைத் தாண்டிவிட்டோம்! மின்சார சைக்கிளானால் ஒவ்வொன்றும் 25, 28 கிலோ இருக்கும். அதற்கேற்ற கனமான ஸ்டாண்டும் வேண்டும். பின்னால் 90 கிலோ என்று வைத்துக்கொண்டால் முன்னால் 72 கிலோ குறைந்து, 7.8 சதவீதத்துக்கு வந்துவிடும். இரண்டரை டன் வண்டியில் சைக்கிள் என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். எடை எவ்வளவு என்பதோடு, அது எங்கே தொங்குகிறது என்பதும் முக்கியம்.

கணக்கைப் பார்த்த மகன் ஒன்றும் பேசவில்லை. மருமகள்தான், "பின் சீட்ல குழந்தை உட்கார்ந்திருப்பா. வேற வழி பார்க்கலாம்" என்று முடித்து வைத்தாள்.

பம்பரின் பலம்

பாரம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பம்பரே சைக்கிளைத் தாங்குமா? பல வீட்டுவண்டிகளின் பின் பம்பர் என்பது 4 அங்குலச் சதுரக் குழாய். மெல்லிய தகடு. உள்ளே கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி வைக்கத்தான் அந்த இடம் பயன்படுகிறது. மேலும், பேருந்தின் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு பள்ளத்திலும் எப்படித் தூக்கிப் போடும் என்று. வீட்டுவண்டியின் வால்பகுதியும் அப்படித்தான் குதிக்கும். காரின் பின்னால் பத்து வருடம் ஒழுங்காக இருக்கும் ஸ்டாண்டு, வீட்டுவண்டியின் பின்னால் ஒரே பயணத்தில் உடைந்துவிடலாம். அதனால்தான் தயாரிப்பாளர்கள் பலர், டிரெய்லரில் மாட்டக்கூடாது என்று விளக்கத் தாளிலேயே அச்சிட்டு விடுகிறார்கள்.

செயின்ட் இக்னஸ் முகாமில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். பக்கத்து இடத்துக்கு வந்து நின்ற ஒரு வண்டியின் பம்பர் ஒரு முனையில் பற்றவைப்பு விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு சைக்கிள்களும் சாய்ந்து, ஒன்றின் சக்கரம் சாலையில் உரசி உரசி டயர் போய், இரும்பு வளையமும் பாதி தேய்ந்திருந்தது. ஓட்டி வந்தவருக்கு வந்து நிற்கும்வரை எதுவும் தெரியவில்லை. வீட்டுவண்டி மறைப்பதால் காரின் கண்ணாடியில் பின்புறம் தெரியாது. அது முழுதாகக் கழன்று விழுந்திருந்தால் பின்னால் வந்தவர் கதி என்ன?

எங்கே வைக்கலாம்?

வழிகள் பல உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வசதி, ஒரு தொல்லை.

காரின் கூரை: வீட்டுவண்டியின் பாரத்தை இது தொடாது. கூரை எவ்வளவு தாங்கும் என்று காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்சார சைக்கிளை அவ்வளவு உயரம் தூக்குவதும் கடினம், பெரும்பாலான கூரைச் சட்டங்கள் அதற்கு ஏற்றவையும் அல்ல. இன்னொன்று: வீட்டுவண்டியை இழுக்கும்வரை உயரத்தைப் பற்றிய நினைவு இருக்கும். முகாமில் அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைக்குப் போகும்போதுதான் கூரையில் சைக்கிள் இருப்பது மறந்து, தாழ்வான வாசலில் மோதுகிறார்கள்.

முன் சட்டத்தின் மேல்: 'ஏ' சட்டத்தின் மேல் பொருத்தும் ஸ்டாண்டு உண்டு. இங்கே பின்பாரத் தொல்லை இல்லை, முன்பாரம் கூடும். கார் கொக்கியின் வரம்பைத் தாண்டக்கூடாது. கூர்மையாகத் திருப்பும்போதும் பின்னால் எடுக்கும்போதும் ஹேண்டில்பார் காரின் கண்ணாடியில் இடிக்கிறதா என்று காலி மைதானத்தில் மெல்லத் திருப்பிப் பார்த்துவிட வேண்டும்.

பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. பின் தொட்டியில் நிறுத்திக் கட்டிவிடலாம்.

வீட்டுவண்டிக்குப் பின்னாலேயே மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால், பம்பரில் வேண்டாம். வண்டியின் அடிச்சட்டத்தோடு நேராகப் பொருத்திய கொக்கியில், டிரெய்லருக்கென்றே செய்த ஸ்டாண்டை மாட்ட வேண்டும். மாட்டியபின் குண்டின் பாரத்தை மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும். இதற்கென்று சின்னத் தராசு கிடைக்கிறது. லாரிகள் நிற்கும் இடங்களில் எடைமேடையும் உண்டு. பின் விளக்கும் எண் பலகையும் மறையக்கூடாது. காரின் பின்னால் சைக்கிள் கட்டும் நம் ஊர் அன்பர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சைக்கிளுக்குத் துணி உறை போடுவதும் வேண்டாம். பாய்மரம் போலக் காற்றைப் பிடித்துக்கொள்ளும்.

நாங்கள் செய்தது இதைவிட எளிது. வண்டிக்குள்ளேயே, அச்சுக்கு நேர் மேலே ரப்பர் விரிப்பைப் போட்டு, முன் சக்கரங்களைக் கழற்றி, பெரிய சைக்கிள் இரண்டையும் சாய்த்துப் பட்டைகளால் சாப்பாட்டு மேஜையின் காலோடு இறுகக் கட்டினோம். சின்ன சைக்கிள் காரின் டிக்கியில். அச்சின் மேல் வைத்த பாரம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. குண்டின் பாரம் ஏறத்தாழ அப்படியே இருந்தது. தொல்லை என்னவென்றால், வழியில் காப்பி போட வேண்டுமானால் சைக்கிளைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போக வேண்டும். அந்தத் தொல்லையை நாங்கள் பொருட்படுத்தவில்லை.

இன்னும் சில குறிப்புகள்

சைக்கிள் எங்கே இருந்தாலும், புறப்பட்டு இருபது முப்பது கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி எல்லாப் பட்டைகளையும் இழுத்துப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் பாருங்கள். மின்சார சைக்கிளின் பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வையுங்கள். எடையும் குறையும், மழைக்கும் பயமில்லை. தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால் அதுவும் பின்பாரம்தான். 100 லிட்டர் என்றால் 100 கிலோ.

அத்தனையும் செய்தும் ஓட்டத்தில் வண்டி வாலாட்டினால் என்ன செய்வது? பதறி பிரேக்கை மிதிக்கக் கூடாது. வேகத்தைக் கூட்டவும் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுக்க வேண்டும். வீட்டுவண்டியின் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்கும் ஒரு சிறு நெம்புகோல் ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அதை மெல்ல அழுத்தினால் பின்வண்டி இழுத்துப் பிடித்து நேராகும். அது எங்கே இருக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே கையால் தொட்டுப் பழகிக்கொள்ள வேண்டும்.

உங்கள் பிள்ளைகள் வீட்டுவண்டி வாங்கியிருந்தால், அடுத்தமுறை தொலைபேசியில் பேசும்போது, "குண்டின் மேல் எத்தனை கிலோ இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் ஒருமுறை நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை.